அட்மிரலின் பூட்டப்பிள்ளை

“எதிரி வாந்தியெடுத்தான்” என்றார் ஜெரால்ட்.

நாங்கள் ஜெர்மன் மொழி படிக்கும் வகுப்பு. சிரியாக்காரப் பெண் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். ஜன்னலோரம் இருந்த போலந்துக்காரர் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டத் தொடங்கினார். அவருடைய சப்பாத்தில் கயிறே கிடையாது.

ஜெரால்ட் மட்டும் நிமிர்ந்து நின்றார். இடது கையில் சட்டம் போட்ட படம் ஒன்று. படத்தில் இருந்தவருக்கு நெஞ்சு நிறையப் பதக்கம், கன்னம் நிறைய மயிர், எங்கோ தூரத்தில் தன்னுடைய சொத்து ஒன்று கிடக்கிறது என்பது போன்ற பார்வை. ஜெரால்டின் பூட்டனார், பிரித்தானியப் பேரரசின் கடற்படை அட்மிரல் சேர் ஒகஸ்டஸ் தோர்ன்விக் அவர்கள்.

“எல்லா எதிரிகளும் வாந்தியெடுத்தார்கள்” என்று தொடர்ந்தார் ஜெரால்ட். “என் பூட்டன் அதை மரியாதையோடு ஏற்றுக்கொண்டார்.”

அதோடு வகுப்பு உடைந்தது. எங்கள் ஆசிரியை லிண்ட்னர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு பலகைக்குப் போனார். ஜெர்மன் மொழியில் சரணடைவதற்கும் வாந்தியெடுப்பதற்கும் நடுவில் ஒரு சின்ன முன்னொட்டுத்தான் வேலி. ஜெரால்ட் அந்த வேலியைத் தாண்டி அந்தப்பக்கம் விழுந்திருந்தார்.

கெல்சென்கிர்ச்சனில் ஒரு மாலை வகுப்பு அது. வெளியே மழை. இரண்டாம் மாடி அறைக்குள் நனைந்த கம்பளிக் கோட்டுகளின் மணமும் சூடாக்கியின் மீது யாரோ காய வைத்த கையுறையின் மணமும். வேலை முடித்து வந்தவர்கள் எல்லோருக்கும் கண்ணில் நித்திரை. அன்றைக்கு எங்கள் நித்திரையைக் கலைத்த பெருமை பிரித்தானியக் கடற்படைக்கே சேரும்.

வெள்ளைக்காரனுக்கு இங்கே என்ன வேலை?

முதல் நாள் ஜெரால்ட் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தபோது நாங்கள் எல்லோரும் எழுந்து வணக்கம் சொன்னோம். பரீட்சை அதிகாரி என்று நினைத்துவிட்டோம். அவர் எங்களைத் தாண்டி நடந்து, என் பக்கத்துக் கதிரையில் இருந்து, பையிலிருந்து பென்சில் பெட்டியை எடுத்து வைத்தார்.

அவரும் ஜெர்மனிக்கு வந்து, நான் வந்த அளவு காலம் ஆகிவிட்டது. ரைன் ஆற்றங்கரையில் இருந்த பிரித்தானியப் படைமுகாமில் கணக்குப் பார்க்க வந்தவர். முகாமுக்குள் ஆங்கிலம், ஆங்கிலப் பிஸ்கற், ஆங்கிலத் தொலைக்காட்சி. கட்டியது ஜெர்மன்காரியை. கடைக்கும் வங்கிக்கும் பல் வைத்தியருக்கும் அந்த மனைவியே பேசினார். ஜெரால்ட் பக்கத்தில் நின்று தலையாட்டினார். மனைவி இறந்த பிறகுதான், தனக்கு மொழியே இல்லை என்று அவருக்குத் தெரியவந்தது. அதற்கிடையில் அவருடைய நாடு ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு நடந்துபோய்விட்டது. ஜெர்மன் பாஸ்போட் எடுத்தால் நல்லது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதற்கு மொழிப் பரீட்சை.

ஆகவே, உலகத்தில் பாதிப் பேருக்கு ஆங்கிலம் படிப்பித்த இனத்தின் பிரதிநிதி, என் பக்கத்தில் இருந்து “நான் இருக்கிறேன், நீ இருக்கிறாய்” என்று எழுதிக்கொண்டிருந்தார். நான் கருணையுள்ளவள் என்று இந்தப் பத்திரிகைத் தொடரைப் படிப்பவர்கள் யாரும் தவறாக எண்ணியிருக்க மாட்டார்கள். எனக்குச் சரியான சந்தோசம்.

எனக்கு அங்கே என்ன வேலை?

என் பெரியக்கா லண்டனில் இருக்கிறா. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு, கிழமைக்கு மூன்று தரம் இயந்திரத்தில் இரத்தம் கழுவுகிறார்கள். மகன் வேலைக்குப் போக வேண்டும். பகலில் தனி ஆள். “ஒருக்கா வந்து போவன்” என்று தொலைபேசியில் கேட்பா. அழ மாட்டா. வேறு கதைக்கு மாறுவா. அதுதான் தாங்க ஏலாது.

நான் இரண்டு தரம் விசா கேட்டேன். இரண்டு தரமும் இல்லை என்றார்கள். நான் திரும்பிப் போவேன் என்று அவர்களுக்கு நம்பிக்கை வரவில்லையாம். பேக்கரியில் நிரந்தர வேலை, சொந்த வீடு, கணவர், ஸ்டுட்கார்ட்டில் மகள், பின்வளவில் இரண்டு தக்காளிக் கன்று. இதையெல்லாம் எறிந்துவிட்டு ஒருத்தி லண்டனில் ஏதோ ஒரு கடையின் பின்னறையில் ஒளித்திருக்க ஆசைப்படுவாள் என்று அவர்கள் நம்பினார்கள். தங்கள் நாட்டைப் பற்றி அவர்களுக்கு இருக்கும் மதிப்பு எனக்கு எப்போதுமே வியப்புத்தான்.

“ஜெர்மன் பாஸ்போட்டை எடுமன். விசாவே தேவையில்லை” என்றார் என் கணவர் குணம். புதிதாக இந்தத் தொடருக்கு வருபவர்களுக்கு: அவர் எப்போதோ ஜெர்மன் பிரசையாகிவிட்டார், அன்றிலிருந்து வீட்டில் செருப்பை ஒழுங்காக அடுக்கி வைக்கிறார்.

நானும் ஒருதரம் பரீட்சைக்குப் போனேன். எழுத்து சரி. பேச்சில் விழுந்தேன். என் ஜெர்மன் பேக்கரி ஜெர்மன். தட்டை எடு, அடுப்பைப் பார், வேலை முடிந்தது. பரீட்சகர் இரண்டு பேர் முன்னால் இருந்து சிரித்தால், எனக்கு வாய்க்குள் சொல்லெல்லாம் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றுவிடும். ஒன்றும் வெளியே வராது. அன்றைக்கு “ஆம்” என்று இரண்டு தரம், “நன்றி” என்று ஒரு தரம் சொல்லிவிட்டு வந்தேன்.

ஒரு பெரிய மனிதர் உருவாகும் விதம்

சரி, அட்மிரலுக்கு வருவோம். குடும்பத்தில் ஒருவரைப் பற்றிப் பேச வேண்டும் என்பது எங்களுக்குத் தந்த பயிற்சி. போலந்துக்காரர் தன் மாமியைப் பற்றி ஐந்தே வசனத்தில் முடித்தார். ஜெரால்டுக்கு மூன்று மாலை தேவைப்பட்டது. அவருடைய ஜெர்மனை அதே பிழைகளோடு தர ஆசைதான். ஆனால் பத்திரிகையில் இடம் இல்லை. என் வார்த்தையில் சொல்கிறேன்.

ஒகஸ்டஸ் பதின்மூன்று வயதில் கப்பல் ஏறினார். கடலில் ஆசை வைத்து அல்ல. கடற்படை அலுவலகத்தில் அவருடைய தாய்மாமன் ஒருவர் இருந்தார். அண்ணன்மாரில் ஒருவருக்குக் காணி, ஒருவருக்குத் தேவாலயம். மிச்சம் இருந்தது சமுத்திரம்.

கப்பல் துறைமுகத்தை விட்டு நகர்ந்த உடனேயே ஒகஸ்டஸ் வாந்தியெடுத்தார். இந்தமுறை ஜெரால்ட் சரியான சொல்லைத்தான் பயன்படுத்தினார். லிண்ட்னர் அம்மா சந்தேகப்பட்டு இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்தினார். ஓம், வாந்திதான். கடைசிவரைக்கும் அவருக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை.

ஜெர்மன் மொழியில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் ஆண், பெண், இரண்டும் இல்லாதது என்று பால் உண்டு. கப்பல் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை; ஜெரால்ட் அதை ஒருமுறை ஆணாக்கினார், ஒருமுறை பெண்ணாக்கினார். ஒவ்வொரு கப்பலையும் லிண்ட்னர் அம்மா கை உயர்த்தி நிறுத்தித் திருத்தினார். பிரித்தானியக் கடற்படையை அதற்கு முன் யாரும் இவ்வளவு இலேசாக நிறுத்தியிருக்க மாட்டார்கள்.

பிறகு சீனம். அங்கே ஓர் ஆற்றில் ஒகஸ்டஸ் பீரங்கிப் படகு ஒன்றோடு நின்றார். ஆங்கில வியாபாரி ஒருவரின் கடைக் கண்ணாடியை ஊர்ச்சனம் கல்லெறிந்து உடைத்துவிட்டது. ஒகஸ்டஸ் பீரங்கியால் ஊரை உடைத்தார்.

“கண்ணாடிக்காகவா?” என்று கேட்டாள் சிரியாக்காரப் பெண். அவள் சிரிக்கவில்லை.

“அது ஒழுங்குக்காக” என்றார் ஜெரால்ட். ஒழுங்கு என்ற சொல் மட்டும் அவருக்குப் பால் பிழைக்காமல் வந்தது.

அவள் கையில் இருந்த பேனாவை மூடிவைத்தாள். அவளுடைய ஊரையும் யாரோ ஒழுங்குக்காகத்தான் உடைத்திருக்கிறார்கள்.

ஆப்பிரிக்கக் கரையில் அடிமை வியாபாரிகளின் படகுகளைத் துரத்தியதில் ஜெரால்டுக்கு மிகப் பெரிய பெருமை. அது நல்ல வேலைதான், நான் மறுக்கவில்லை. பிடித்த படகுக்குச் சன்மானம் உண்டு என்பதையும், விடுவித்தவர்களை வேறு வெள்ளைக்காரரின் தோட்டங்களில் கொண்டுபோய் வேலைக்கு இறக்கினார்கள் என்பதையும் அவர் அதே பெருமையோடு சொன்னார். இரண்டுக்கும் இடையில் எங்கே மூச்சு விட வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை.

‘சேர்’ பட்டம் கிடைத்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. இளவரசர் ஒருவர் ஒகஸ்டஸின் கப்பலில் ஒரு பயணம் வந்தார். இளவரசருக்கும் கடல் ஒத்துவரவில்லை. இருவரும் கப்பலின் ஒரே பக்கத்துக் கம்பியைப் பிடித்தபடி ஒரு வாரம் நின்றார்கள். அப்படி ஒன்றாக நின்றவர்களுக்குள் நட்பு வராமல் இருக்குமா? திரும்பிப் போனதும் பட்டம் வந்தது.

அட்மிரல் பதவி அதைவிடச் சுகமாக வந்தது. அந்தக் காலக் கடற்படையில் ஓர் அளவுக்கு மேல் பதவி உயர்வு என்பது வரிசைதான். மேலே இருப்பவர்கள் மண்டையைப் போட்டால் கீழே இருப்பவர்கள் ஏறலாம். ஒகஸ்டஸ் ஓய்வுபெற்று வீட்டில் ரோசாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது, மேலே இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். ஒரு நாள் காலைச் சாப்பாட்டில் அவர் அட்மிரலாகிவிட்டார். ஒரு கப்பற்படைக்கும் அவர் தலைமை தாங்கியதில்லை. சாகாமல் இருந்ததுதான் அவர் செய்த ஆகப்பெரிய போர்.

“நாங்கள் உறவினர் மாதிரி”

மூன்றாம் மாலைதான் ஜெரால்ட் அந்தப் பெயரைச் சொன்னார். சொன்னார் என்றால், கடித்துத் துப்பினார். “ட்ரிங்கோமலீ.”

நான் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினேன்.

ஒகஸ்டஸ் சில வருடம் எங்கள் திருகோணமலையில் இருந்தாராம். சரியான வெயிலாம். ஆகவே வருடத்தில் பெரும் பகுதியை மலைநாட்டில் குளிருக்குள் கழித்தாராம். குதிரை ஏறி மான் சுட்டாராம்; அந்தக் குதிரையின் பெயரைக்கூட ஜெரால்ட் சொன்னார். ஒருநாள் கப்பலைத் துறைமுக வாசலில் கொண்டுவந்து பாறைத் திட்டில் ஏற்றிவிட்டாராம். விசாரணை நடந்ததாம். பிழை அவருடையதல்ல. கப்பலுக்கு வழி காட்ட வந்த ஊர் ஆளுடையது.

“அந்த ஆள் குடித்திருந்தான்” என்றார் ஜெரால்ட்.

இடைவேளையில் நான் அவரிடம் போனேன். “நான் அந்த ஊர்” என்றேன்.

அவருடைய முகம் மலர்ந்ததைச் சொல்ல ஏலாது. என் இரண்டு கையையும் பிடித்தார். “உண்மையாகவா? அப்படியென்றால் நாங்கள் உறவினர் மாதிரி!”

வீட்டுக்குப் போய் இதைச் சொன்னேன். குணம் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

“உறவு எண்டால் கவனம்” என்றார். “இனி உம்மட மாமாவின்ர காணியிலையும் பங்கு கேப்பார்.”

“பகிடி விடாதேங்கோ. கப்பலை அந்தாள் பாறையில ஏத்திப்போட்டு, எங்கட ஆளில பழியைப் போட்டிருக்கு. அதை இவர் நிண்டு பெருமையாச் சொல்லுறார்.”

“நீர் என்ன சொன்னனீர்?”

நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. ஜெர்மனில் சொல்ல வராது. ஆங்கிலத்தில் சொன்னால் அவர் வீட்டு முற்றத்தில் நின்று சண்டை பிடிப்பது மாதிரி. நான் தலையாட்டிவிட்டு வந்திருந்தேன். அன்று இரவுச் சாப்பாட்டில் உப்புக் கூடிவிட்டது.

பரீட்சை

பேச்சுப் பரீட்சை இரண்டு இரண்டு பேராக நடக்கும். யார் யாரோடு என்பதைப் பரீட்சை நடத்துபவர்களே தீர்மானிப்பார்கள். கதவில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தேன். எனக்கு ஜோடி, ஹெர் தோர்ன்விக். எங்கள் ஜெரால்ட்தான்.

சின்ன அறை. ஒரு மேசை. இரண்டு பரீட்சகிகள், ஒரு போத்தல் தண்ணீர். ஜெரால்ட் கழுத்துப்பட்டி கட்டி வந்திருந்தார். நான் கறுப்புக் காற்சட்டையும் மகள் வாங்கித் தந்த நீலச் சட்டையும்.

ஒரு படத்தைத் தந்து விவரிக்கச் சொன்னார்கள். துறைமுகம். படகு. இரண்டு பேர் பெட்டி இறக்குகிறார்கள். நான் “படகு” என்றேன். “பெட்டி” என்றேன். “தண்ணீர்” என்றேன். அதோடு வாய்க்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது.

“உங்கள் ஊரில் எப்படி இருக்கும்?” என்று பரீட்சகி ஒருத்தி அன்பாகக் கேட்டாள்.

நான் சிரித்தேன். முதல்தரமும் இப்படித்தான் சிரித்தேன். பெரியக்காவின் முகம் வந்தது. இன்னும் ஒருதரம் விழுந்தால் அடுத்த பரீட்சைக்கு எத்தனை மாதமோ. அக்காவிடம் அத்தனை மாதம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

ஜெரால்ட் என்னைப் பார்த்தார். அவருக்கு உதவி செய்யத்தான் எண்ணம். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. மெல்ல இருமிவிட்டு, “அவருடைய ஊரில் பெரிய துறைமுகம்” என்றார். “என் பூட்டன் அங்கே இருந்தார். நாங்கள்தான் அவர்களுக்கு அந்தத் துறைமுகத்தைக் கொடுத்தோம்.”

“இல்லை” என்றேன்.

இரண்டு பரீட்சகிகளும் நிமிர்ந்தார்கள்.

“துறைமுகம் முதலே இருந்தது. கடல் செய்தது. நீங்கள் கொடுக்கவில்லை. நீங்கள் வந்தீர்கள்.”

“ஆனால் என் பூட்டன்…”

“உங்கள் பூட்டன் விசா எடுக்கவில்லை. யாரிடமும் நாள் குறித்துத் தரச் சொல்லி டெர்மின் கேட்கவில்லை. மொழிப் பரீட்சை செய்யவில்லை. பல வருடம் இருந்தார். தமிழ் ஒரு சொல் படித்தாரா?”

ஜெரால்டின் கழுத்து சிவந்தது. “அது எனக்குத் தெரியாது.”

“கப்பலைப் பாறையில் ஏற்றியது யார்?”

“வழி காட்டியவன்.”

“அவனுடைய பெயர் என்ன?”

அவர் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார். “பெயர் தெரியாது.”

“உங்களுக்கு அட்மிரலின் குதிரையின் பெயர் தெரியும். வகுப்பில் சொன்னீர்கள். அந்த மனிதனுக்கும் பெயர் இருந்தது. அவனுக்குப் பிள்ளைகள் இருந்திருக்கும். அவனுடைய வேலை போயிருக்கும். அவன் அந்தத் தண்ணீரில் பிறந்தவன். பாறை எங்கே என்று அவனுக்குத் தெரியாதா? உங்கள் பூட்டனுக்கு அவன் சொன்னது விளங்கவில்லை, அவ்வளவுதான்! நான் உங்கள் நாட்டுக்கு என் அக்காவைப் பார்க்க இரண்டு கிழமை வரக் கேட்டேன். நான் திரும்பிப் போக மாட்டேன் என்கிறார்கள். திரும்பிப் போகாமல் இருந்தது யார்?”

நான் மூச்சு வாங்கியபோதுதான் கவனித்தேன், அத்தனையும் ஜெர்மனில் சொல்லியிருந்தேன். இறந்தகாலம், நிகழ்காலம் எல்லாம் ஓரளவு அதனதன் இடத்தில் இருந்தன. பரீட்சகி ஒருத்தி பேனாவை உயர்த்தியபடியே இருந்தாள். மற்றவள் தண்ணீரை என் பக்கம் தள்ளினாள்.

அடுத்த பகுதியில் நாங்கள் இருவரும் சேர்ந்து ஏதாவது திட்டமிட வேண்டும். தாளைப் பார்த்தேன். சக ஊழியர் ஒருவருக்குப் பிரியாவிடை விருந்து.

“நீங்கள் சமைக்கலாம்” என்றார் ஜெரால்ட், பழக்கத்தில்.

“இல்லை. நீங்கள் சமைக்கிறீர்கள். நான் மண்டபம் பார்க்கிறேன்.”

“எனக்குச் சமைக்கத் தெரியாது.”

“படிக்கலாம். நாங்கள் எல்லோரும் இந்த வயதில் படிக்கிறோம்.”

பரீட்சகிகள் சிரித்துவிட்டார்கள். ஜெரால்ட் சிரிக்கவில்லை. வெளியே வந்ததும் கோட்டை மாட்டிக்கொண்டு, படியிறங்கிப் போய்விட்டார். அட்மிரல் எந்தத் தலைமுறையிலும் அவமானப்படாமல் வந்தவர். அன்றைக்குக் கெல்சென்கிர்ச்சனில் ஒரு பேக்கரிக்காரியிடம் சரணடைந்தார். ஜெர்மன் முன்னொட்டு எதுவாக இருந்தாலும் பரவாயில்லை.

ஒரே மேசை, வேறு வரிசை

இருவரும் சித்தியடைந்தோம். பேச்சில் எனக்குத்தான் கூடின புள்ளி. குணம் அயலவர் எல்லோருக்கும் வடை கொடுத்தார்.

இருவருடைய குடியுரிமை விண்ணப்பமும் ஏறக்குறைய ஒரே காலத்தில் ஒரே அலுவலகத்துக்குப் போனது. ஜெரால்டின் விண்ணப்பம் காற்றில் போன தாள் மாதிரிப் போனது. என்னுடையது நின்றுவிட்டது. என் பிறப்புச் சான்றிதழில் பெயர் ‘பவளராணி’ என்று ஆங்கிலத்தில் ஒரு எழுத்துக்கூட்டல், பாஸ்போட்டில் வேறு எழுத்துக்கூட்டல். நான் ஒருத்தியா, இரண்டு பேரா என்பதை அவர்கள் தீர்மானிக்க வேண்டியிருந்தது. எங்கள் பெயர்களை ஆங்கில எழுத்தில் பதிகிற வழக்கத்தைக் கொண்டுவந்தவர்கள் யார் என்பதை நான் இங்கே மறுபடியும் சொல்லப் போவதில்லை. சொன்னால் பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார்.

அடுத்த கோடையில் ஒருநாள் தொலைபேசி அடித்தது.

“ராணி அம்மா, எனக்குக் கிடைத்துவிட்டது!” ஜெரால்ட். குரலில் சின்னப்பிள்ளைச் சந்தோசம். “உங்களுக்கு எப்போது கிடைத்தது?”

“எனக்கு இன்னும் இல்லை.”

மறுபக்கம் அவர் கதிரையை இழுத்துப்போட்டு இருக்கும் சத்தம். பின்னால் கேத்தில் கொதிக்கும் ஒலி கேட்டது.

“ஆனால் உங்களுக்குத்தானே கூடின புள்ளி?” என்றார்.

“ஓம்.”

“அது சரியில்லை.”

“சரியில்லைத்தான்.”

பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். அட்மிரலின் படத்தை லண்டனில் ஓர் அரும்பொருட்சாலைக்குக் கொடுக்கப் போகிறாராம். வீட்டில் அதைப் பார்க்கும்போதெல்லாம், பாறையில் ஏற்றியது யார் என்று நான் கேட்ட குரல் கேட்கிறதாம். “உங்கள் அக்காவுக்கு ஏதாவது கொண்டுபோகவா?”

அக்காவிடம் கேட்டேன். “நாரத்தங்காய் ஊறுகாய்” என்றா.

“உனக்கு உப்பு ஆகாதெல்லே?”

“தின்னவே கேட்டனான்? மணந்து பாக்க.”

நான் ஊறுகாயைப் போத்தலில் அடைத்து, மூன்று பொலித்தீன் பை சுற்றி, ஜெரால்டிடம் கொடுத்தேன். படகுகளை மறித்துச் சோதனை போட்டவரின் பூட்டப்பிள்ளை, காலுறைக்குள் ஊறுகாயை மறைத்துக்கொண்டு ஆங்கிலக் கால்வாயைத் தாண்டினார்.

அரும்பொருட்சாலை படத்தை ஏற்கவில்லை. அட்மிரல்கள் நிலவறையில் அடுக்கி வைக்கும் அளவுக்கு ஏற்கெனவே இருக்கிறார்களாம். எந்த இடம் என்று ஜெரால்ட் சொல்லவில்லை. அவமானம்.

அன்று பின்னேரம் அக்கா தொலைபேசி எடுத்தா. அவவின் சிரிப்பு முதலில் வந்தது, பிறகு இருமல், பிறகுதான் கதை.

“எடியே, உன்ர வெள்ளைக்காரன் வந்து ரண்டு மணித்தியாலம் இருந்தவன். புட்டை முள்ளுக்கரண்டியால பிடிக்கப் பாத்தான். நான் கேட்டன், உம்மட பூட்டன் எங்கட ஊரில என்னதான் செய்தவர் எண்டு.”

“என்ன சொன்னவர்?”

“கனநேரம் யோசிச்சான். பிறகு சொன்னான், ‘அவருக்குச் சரியான வெக்கையாய் இருந்தது’ எண்டு.”

ஒரு பேரரசின் கடற்படை வரலாற்றை அதைவிடச் சுருக்கமாக யாரும் எழுத முடியாது.

அதற்குப் பிறகு ஜெரால்ட் லண்டன் போகும்போதெல்லாம் அக்காவிடம் போனார். ஒருமுறை இரத்தம் கழுவும் இயந்திரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், முடியும்வரைக்கும் வெளியே இருந்து, திரும்பக் கொண்டுவந்து விட்டார். இதை அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் அவரைப் பற்றி எழுதிய நக்கல் எதையும் இதற்காக அழிக்கப் போவதில்லை. ஆனால் இதையும் எழுதத்தான் வேண்டும். என் அக்காவின் பக்கத்தில் நான் இருக்க வேண்டிய கதிரையில், அவர்தான் இருந்தார். எனக்கு நன்றியும் இருந்தது, வயிற்றெரிச்சலும் இருந்தது. எது கூட என்று கேட்காதீர்கள்.

வாசல்

இலை எல்லாம் கொட்டிய பிறகு ஒருநாள், நான் ஒருத்திதான் என்று அலுவலகம் ஏற்றுக்கொண்டது. பாஸ்போட் கைக்கு வந்த கிழமையே லண்டனுக்கு விமானம் ஏறினேன். கைபேசியில் ஏதோ அனுமதி எடுக்க வேண்டுமாம். மகள் ஸ்டுட்கார்ட்டில் இருந்தபடியே நொடியில் எடுத்துத் தந்தாள்.

விமானத்தில் முழு நேரமும் ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்தேன். நான் என் அக்காவைப் பார்க்க வந்தேன். இரண்டு கிழமை நிற்பேன். பிறகு திரும்பிப் போவேன். எனக்கு வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது. அதிகாரி எப்படி முறைப்பான், நான் எப்படி அவன் கண்ணைப் பார்த்துச் சொல்வேன் என்பதுவரை ஒத்திகை பார்த்தேன்.

அங்கே அதிகாரி இல்லை. ஒரு கண்ணாடிக் கதவும் ஓர் இயந்திரமும். பாஸ்போட்டை வைத்தேன். கமெரா என் முகத்தைப் பார்த்தது. கதவு திறந்தது. இரண்டு தரம் என்னை நம்பாத நாடு, மூன்றாம் தரம் என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. பின்னால் ஒருவர் இருமும்வரைக்கும் நான் அந்த வாசலிலேயே நின்றேன். எனக்குச் சந்தோசம் வரவில்லை. யாரையாவது பிடித்து அந்த நான்கு வசனத்தையும் சொல்ல வேண்டும் போல இருந்தது.

அக்காவின் மகன் வந்து கூட்டிக்கொண்டு போனான்.

அக்கா கட்டிலில் இருந்தா. தொலைபேசியில் பார்த்த முகம்தான். ஆனால் கை இவ்வளவு மெலிந்திருக்கும் என்று தொலைபேசி காட்டியிருக்கவில்லை. பக்கத்தில் போய் இருந்தேன். என் கன்னத்தைத் தடவினா, தலைமயிரில் நரை எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தா.

பிறகு கேட்டா. “எத்தினை நாள் நிப்பாய்? எப்ப திரும்பிப் போறாய்?”

அந்த நாட்டில் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட ஒரே ஆள் அவதான். ஆங்கிலத்தில் நான்கு வசனம் தயாராக வைத்திருந்தேன், ஜெர்மனில் ஒரு பரீட்சையே தாண்டியிருந்தேன். தமிழில் “தள்ளிப் படு” என்று மட்டும் சொன்னேன். அக்காவின் கட்டிலில், அவவுக்குப் பக்கத்தில், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் படுத்துக்கொண்டேன்.